போர்டில் ஒரு ரேட், சம்பளத்தில் ஒரு கணக்கு

கேள்வி: திண்டுக்கல் அருகே ஒன்பது வருடமாக டூ வீலர் ஒர்க் ஷாப் நடத்துகிறேன். எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிறோம். மூத்த மெக்கானிக்குக்கு மாதம் 20,000, இளையவருக்கு 17,000, ஹெல்பருக்கு 12,000 ரூபாய் கொடுக்கிறேன். நானும் வேலை பார்ப்பேன். வாடகை 14,000, கரண்ட், தண்ணீர் 4,000, வேஸ்ட் துணி, டீ, இதர செலவு 3,000. லேபர், அதாவது வேலைக்கூலியாகக் கஸ்டமரிடம் வாங்குவது, மாதம் 80,000 வரை வரும். ஸ்பேர் ஒரு லட்சத்துக்கு ஓடும், அதில் 15,000 நிற்கும். எதிரே இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எந்த வேலைக்கு எவ்வளவு என்று போர்டு வைத்துவிட்டார்கள். என் கஸ்டமர்கள், "போன தடவை இதே வேலைக்கு 250 வாங்கினீங்க, இப்ப 400 சொல்றீங்களே" என்கிறார்கள். நானும் போர்டு வைக்கலாமா? இதற்கு நடுவில் மூத்த மெக்கானிக் அண்ணன், "சம்பளம் வேண்டாம், நான் செய்யுற வேலையோட லேபர்ல பாதி குடு" என்கிறார். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அவர்தான், முகத்துக்கு நேராக மறுக்க முடியவில்லை. வேலை முடித்து அனுப்பி, அதே கோளாறோடு ரிட்டர்ன் வருகிற வண்டிக்கு யார் பணத்தில் பிடிப்பது என்றும் அடிக்கடி சண்டை. என்ன செய்யலாம்?

பதில்: போர்டு வையுங்கள். பாதி லேபர் கொடுக்காதீர்கள். இரண்டும் ஒரே விஷயம் போலத் தெரியும், ஆனால் கஸ்டமரிடம் என்ன வாங்குவது என்பது வேறு, மெக்கானிக்குக்கு என்ன கொடுப்பது என்பது வேறு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிய கடைகளில்தான் சண்டை ஓயாமல் நடக்கிறது.

முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். வாடகை, கரண்ட், இதர செலவு சேர்த்து 21,000. சம்பளம் 49,000. மொத்தம் 70,000. லேபர் வரவு 80,000. அப்படியென்றால் காலையிலிருந்து இரவு வரை கையில் கிரீஸோடு நிற்கும் உங்களுக்கு லேபரில் மிஞ்சுவது 10,000. உங்கள் ஹெல்பருக்கே 12,000. ஸ்பேரில் நிற்கும் 15,000-ஐ வைத்துத்தான் வீடு ஓடுகிறது. ஆனால் அது கடையில் சாமான் வாங்கிப் போட்ட முதலுக்கான லாபம், உங்கள் உழைப்புக்கான கூலி இல்லை. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை: லேபரைக் குறைத்துச் சொல்லிவிட்டு ஸ்பேரில் எடுப்பது. இப்போது பாக்கெட்டில் இருக்கும் எம்ஆர்பியைப் பார்க்கிற கஸ்டமர் ஆன்லைனில் தானே வாங்கிக்கொண்டு வந்து "மாட்டிக் குடுங்க" என்கிறார். அந்த வழி மெல்ல அடைபடுகிறது. லேபர் தன் காலில் நின்றாக வேண்டும்.

சரி, லேபர் எவ்வளவு இருக்க வேண்டும்? உங்கள் கூலி 25,000 என்று சேருங்கள். மாதச் செலவு 95,000 ஆகிறது. ஒரு மெக்கானிக் 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 208 மணி நேரம் கடையில் இருக்கிறார். அவ்வளவு நேரமும் பில் ஆவதில்லை. ஸ்பேருக்குக் காத்திருப்பது, டிரையல் ஓட்டுவது, கஸ்டமரிடம் பேசுவது, வண்டியே இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் எல்லாம் போனால் 60 சதவீதம், அதாவது 125 மணி பில் ஆவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு 250. நீங்கள் செய்வது 50. மொத்தம் 300 மணி. 95,000-ஐ 300-ஆல் வகுத்தால் மணிக்கு 317 ரூபாய். இது கையைக் கடிக்காமல் நிற்கிற எல்லை மட்டுமே. டூல்ஸ் தேயும், கம்ப்ரஸர் ரிப்பேர் ஆகும், கோளாறு பார்க்கும் ஸ்கேனர் வாங்க வேண்டும். 350 என்று வையுங்கள். இதே 300 மணிக்கு நீங்கள் இப்போது வாங்குவது 80,000, அதாவது மணிக்கு 267. அந்த 60 சதவீதம் என் அனுமானம். ஒரு மாதம் ஒவ்வொரு வண்டிக்கும் வேலை தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் ஜாப் கார்டில் (வண்டிக்கு ஒன்றாக வைக்கும் வேலைச் சீட்டில்) எழுதிப் பாருங்கள். உங்கள் கடையின் உண்மையான சதவீதம் வந்துவிடும். அதை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இனி போர்டு. எதிர்க்கடை போர்டைப் போட்டோ எடுத்து அப்படியே எழுதிவிடாதீர்கள். கம்பெனியின் நேர அட்டவணை அவர்களுடைய வண்டிக்காக, அவர்களுடைய ஸ்பெஷல் டூல் கையில் இருக்க, ஸ்பேர் பக்கத்துக் கவுண்டரில் இருக்க, பெரும்பாலும் புது வண்டியை மனதில் வைத்துப் போட்டது. உங்களிடம் வருவது பத்து வருடம் ஓடிய வண்டி. சைலன்ஸர் ஸ்டட் துருப்பிடித்து ஒடிந்தால் கால் மணி நேர வேலை ஒன்றரை மணி ஆகும்.

உங்கள் நிமிடங்களை நீங்களே போடுங்கள். மூத்தவர் 40 நிமிடத்தில் செயின் ஸ்பிராக்கெட் மாற்றுவார், இளையவருக்கு 60 ஆகும் என்றால் 50 என்று எழுதுங்கள். மணிக்கு 350 கணக்கில் 290 ரூபாய். வேகமானவரின் நேரத்தைப் போட்டால் இளையவர் தினமும் தோற்பார், அவசரத்தில் ஆக்ஸில் நட்டைச் சரியாக டைட் செய்யாமல் விட்டுவிடுவார். கஸ்டமருக்கோ யார் கை வைத்தாலும் 290-தான். நீங்கள் எழுதிய 250, 400 சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

வேலையின் பெயர் ஒன்றே என்பதற்காக ஒரே ரேட் போட முடியாது. சாதா பைக்கில் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) மாற்றுவதும் ஸ்கூட்டரில் கோன் செட் மாற்றுவதும் ஒன்றல்ல. ஸ்கூட்டரில் முன்பக்க பேனல்களைக் கழற்றி மாட்டவே தனி நேரம் போகும், பழைய பிளாஸ்டிக் லாக் ஒன்றிரண்டு உடையும். ஃபேரிங், அதாவது முன்னாலும் பக்கத்திலும் பிளாஸ்டிக் மூடி வைத்த வண்டியிலும் அதே கதை. அதனால் போர்டில் மூன்று பத்தி இருக்கட்டும்: 125 சிசி வரை பைக், ஸ்கூட்டர், அதற்கு மேல் உள்ளவை. புல்லட் நிறைய வருகிறதென்றால் அதற்கு நான்காவது பத்தி.

ஒட்டிக்கொண்டு வரும் வேலைகளில்தான் கடையின் நாணயம் தெரியும். கிளட்ச் பிளேட் மாற்ற கவரைத் திறக்கும்போது பெரும்பாலான பைக்குகளில் ஆயிலை இறக்கியே ஆக வேண்டும். அப்போது ஆயில் மாற்ற லேபர் தனியாகப் போடக் கூடாது, ஆயில் விலை மட்டும்தான். செயின் ஸ்பிராக்கெட்டுக்காகப் பின் சக்கரம் கழன்று கிடக்கிறது, அதே நேரத்தில் பிரேக் ஷூ மாற்றினால் முழு லேபர் கேட்பது நியாயம் இல்லை. கோன் செட்டுக்கு ஃபோர்க்கைக் கழற்றியாயிற்று, ஆயில் சீலும் கூடவே மாற்றினால் பாதிதான். "சேர்த்துச் செய்தால்" என்று போர்டின் கீழே நாலு வரி எழுதி வையுங்கள். எதிர்க்கடைப் போர்டில் அநேகமாக அது இருக்காது.

போர்டில் ஏறாத வேலைகளும் உண்டு. வயரிங் கோளாறு, நின்று நின்று ஸ்டார்ட் ஆகும் வண்டி, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத சத்தம், இன்ஜின் இறக்கி லேத்துக்குப் போகிற வேலை. இவற்றுக்கு நிலையான ரேட் சொன்னால் நீங்கள் மாட்டுவீர்கள், அல்லது கஸ்டமர் மாட்டுவார். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு பெரும்பாலான சின்ன பைக்குகளிலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. முன்பு ஜெட்டை ஊதி மாட்டினால் போதும் என்றிருந்த இடத்தில் இப்போது சென்ஸர், கப்ளர், ஃப்யூல் பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கண்டுபிடிப்பதுதான் வேலை, மாற்றுவது ஐந்து நிமிடம். "செக்கிங் சார்ஜ் 350, ஒரு மணி நேரம் வரை, அதற்கு மேல் போனால் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் தொடர்வோம்" என்று போர்டில் எழுதுங்கள். முதல் வாரம் முகம் சுளிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். கஸ்டமர் கொண்டுவரும் ஸ்பேருக்கும் ஒரு வரி: மாட்டும் கூலி போர்டு ரேட், சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை.

போர்டு எழுதும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். லேபர் 80,000, ஸ்பேர் ஒரு லட்சம், ஆக மாதம் 1,80,000, வருடத்துக்கு 21,60,000. சாமான் மட்டும் விற்கிற கடைக்கு ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு 40 லட்சம். உங்களைப் போல சர்வீஸும் சேர்ந்திருந்தால் 20 லட்சம். நீங்கள் கோட்டைத் தாண்டி நிற்கிறீர்கள். ரிப்பேர் கூலிக்கு வரி 18 சதவீதம். ஸ்பேரும் 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18-க்கு இறங்கிவிட்டது. 50 லட்சம் வரை மொத்த விற்பனையில் 6 சதவீதம் கட்டுகிற காம்போசிஷன் திட்டமும் இருக்கிறது, ஆனால் அதில் கஸ்டமரிடம் தனியாக வரி வாங்க முடியாது. எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் போர்டில் எழுதும் தொகையே மாறும்.

இனி உங்கள் அண்ணன் விஷயம். அவர் பேராசைப்பட்டுக் கேட்கவில்லை. பாதி கேட்கிறார் என்றால், தன் கையால் மாதம் 40,000-க்கு மேல் பில் ஆகிறது என்பதை அவர் மனக்கணக்கில் போட்டு வைத்திருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் இப்போதைய ரேட்டில் அது 150 மணி நேரம். சராசரியைவிட 25 மணி அதிகமாக உழைக்கிறார், அதற்குத் தனியாக ஒன்றும் கிடைப்பதில்லை. கோபம் நியாயமானதுதான். அவர் சொல்லும் மருந்துதான் சரியில்லை.

மணிக்கு 350 என்று ஆன பிறகு 150 மணிக்கு 52,500 வரும், பாதி 26,250. கேட்க நன்றாக இருக்கிறது. தீபாவளி, பொங்கலுக்கு முன்னால் வண்டி குவியும்போது இன்னும் கூட வரும். ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டுகிற நேரத்தில் சர்வீஸைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். அந்த மாதம் 80 மணிதான் பில் ஆகிறது என்றால் அவருக்கு 14,000. அவர் வீட்டிலும் அதே ஜூனில்தான் கட்டணம் கட்ட வேண்டும்.

அவருடைய நஷ்டம் மட்டும் இல்லை. சுலபமாகக் காசு வரும் வேலைகளை அவர் எடுத்துக்கொள்வார், வயரிங் வண்டி எல்லாம் இளையவர் தலையில் விழும். ஹெல்பருக்கு டேப்பெட் (இன்ஜின் வால்வு இடைவெளி) வைக்கக் கற்றுக்கொடுக்கிற அரை மணி நேரம் அவருக்குக் கைநஷ்டம் என்று ஆகிவிடும். உங்களுக்கே கற்றுக்கொடுத்த மனிதரை அந்த நிலைக்குத் தள்ள வேண்டாம். அதைவிட மோசமானது, பில் ஏற ஏறத் தன் கூலியும் ஏறும் என்றால் எந்த நல்ல மனிதருக்கும் தேய்ந்தும் தேயாத பிரேக் ஷூ முழுக்கத் தேய்ந்ததாகத் தெரியத் தொடங்கும். அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய நிறுவனத்தின் கார் சர்வீஸ் சென்டர்களில் இது நடந்தது. ஊழியர்களுக்கு கமிஷனும் விற்பனை இலக்கும் வைத்திருந்தார்கள். தேவையில்லாத ரிப்பேர்களைச் செய்து காசு வாங்குகிறார்கள் என்று 1992-இல் கலிபோர்னியா நுகர்வோர் துறை வழக்கில் இழுத்தது. பெயர் நாறிய பிறகு, சர்வீஸ் அட்வைஸர்களுக்கான கமிஷனை நிறுவனமே நிறுத்தியது.

அங்கே மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான முறை ஒன்று உண்டு. ஒரு வேலைக்குப் புத்தகத்தில் 2 மணி என்று இருந்தால், ஒன்றரை மணியில் முடித்தாலும் கூலி 2 மணிக்கு, மூன்று மணி இழுத்தாலும் 2 மணிக்குத்தான். கை வேகமானவர்களுக்குக் கொண்டாட்டம். வண்டி வராமல் உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு? லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கார் டீலரிடம் வேலை பார்த்த மெக்கானிக்குகள் இந்தக் கேள்வியோடு கோர்ட்டுக்குப் போனார்கள். வண்டி இல்லாமல் காத்திருந்த நேரத்துக்கும் தனியாகக் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும் என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. 2016 முதல் அந்த மாநிலத்தில் அது சட்டமாகவே இருக்கிறது. வண்டி வராதது மெக்கானிக்கின் தப்பு இல்லையே.

நம் சட்டமும் இந்த இடத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டாலும், நேரக் கணக்கில் அரசு வைத்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. "அவரே கேட்டார்" என்பது செல்லாது. தமிழ்நாட்டில் இந்த ஊதியத்தோடு சேரும் அகவிலைப்படி ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறும். தொழிலாளர் துறை வெளியிடும் பட்டியலில் ஆட்டோமொபைல் ஒர்க் ஷாப்புக்கான தொகையைப் பார்த்து, முக்கியமாக ஹெல்பரின் 12,000-ஐ அதனோடு ஒப்பிட்டுவிடுங்கள். குறைவாக இருந்தால் அதை ஏற்றிய பிறகுதான் மற்ற கணக்கெல்லாம்.

நான் சொல்லும் ஏற்பாடு இது. மூத்தவரின் 20,000 அப்படியே இருக்கட்டும், வண்டி வந்தாலும் வராவிட்டாலும். 125 மணி வரை பில் ஆகும் வேலை அந்தச் சம்பளத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் பில் ஆகும் ஒவ்வொரு மணிக்கும் 160 ரூபாய். 160 எங்கிருந்து வந்தது என்றால், 20,000-ஐ 125-ஆல் வகுத்தது. கூடுதல் மணிக்கு வழக்கமான மணியைவிடக் குறைவாகக் கொடுத்தால் அவர் ஏன் கூடுதலாகச் செய்ய வேண்டும்? 150 மணி ஆனால் 24,000 கையில் போகும். அந்த 25 மணியில் உங்களுக்கு வருவது 8,750, அவருக்கு 4,000 போக 4,750 நிற்கும். வாடகையும் கரண்டும் முதல் 125 மணியிலேயே அடைந்துவிட்டதால் அது கிட்டத்தட்ட முழு லாபம். இளையவருக்கு இதே கணக்கில் கூடுதல் மணிக்கு 136. இதில் மணி என்பது போர்டில் போட்ட நிமிடங்கள்தான், கடிகார நேரம் இல்லை. 50 நிமிட வேலையை 40-இல் முடித்தால் அந்த லாபம் அவர்களுடையது. கடை நேரம் தாண்டி ராத்திரி உட்கார வைத்தால் அது ஓவர்டைம். அதற்கு இரட்டிப்புக் கூலி, இந்தக் கணக்கோடு சேராது.

இரண்டு நேரங்களைக் கட்டாயம் மணிக் கணக்கில் சேருங்கள். ஒன்று, செக்கிங் நேரம். கஸ்டமர் "வேண்டாம், அப்புறம் பார்த்துக்கறேன்" என்று வண்டியை எடுத்துப் போனாலும் மெக்கானிக் தேடிய நேரம் தேடியதுதான். இன்னொன்று, சொல்லிக்கொடுக்கும் நேரம். ஹெல்பருக்குக் கற்றுக்கொடுக்க மூத்தவருக்கு வாரம் இரண்டு மணி என்று எழுதிவிடுங்கள். மாதம் எட்டு மணி, 125-ஐத் தாண்டிய மாதத்தில் உங்களுக்கு 1,280 ரூபாய்ச் செலவு. ஒரு நல்ல மெக்கானிக்கை வெளியிலிருந்து பிடித்து வருவதற்கு ஆகும் அலைச்சலோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

ரிட்டர்ன் வண்டிக்கு வருவோம். சம்பளத்தில் பிடிப்பதை இன்றே நிறுத்துங்கள். ஊழியரின் கவனக்குறைவால்தான் நஷ்டம் என்று தெளிவாக இருந்து, அவர் பக்க விளக்கத்தையும் கேட்ட பிறகுதான் பிடித்தம் செய்யச் சட்டம் இடம் தருகிறது. கஸ்டமர் கத்தினார் என்பதற்காக மாதக் கடைசியில் 500 குறைப்பது அதில் வராது. சட்டம் கிடக்கட்டும், பணம் பிடிக்கிற கடையில் மெக்கானிக் ரிட்டர்னை மறைப்பார். வண்டியை ரோட்டு முனையிலேயே நிறுத்திச் சரிசெய்து அனுப்பிவிடுவார், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

15 நாளுக்குள் அதே கோளாறோடு வந்தால் முதலில் காரணத்தை ஜாப் கார்டில் எழுதுங்கள். வேலையில் பிழை என்றால் அதே மெக்கானிக் மறுபடி செய்வார், அந்த நேரம் மணிக் கணக்கில் சேராது. அவருக்கு அது போதுமான தண்டனை. சாமான் மோசம் என்றால் மறுபடி செய்த நேரமும் சேரும், பணத்தை ஸ்பேர் கடையில் கேளுங்கள். மலிவாக இருக்கிறதென்று லோக்கல் சாமானை நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால் நஷ்டம் உங்களுடையது. செலவைக் குறைக்கச் சொல்லிக் கஸ்டமரே பாதி வேலையோடு எடுத்துப் போயிருந்தால் அது ரிட்டர்னே இல்லை, ஆனால் அப்போதே பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஸ்பேர் கடைக்காரர் மெக்கானிக்குகளுக்கு நேரடியாக கமிஷன் தருகிறாரா என்றும் பாருங்கள். பல ஊர்களில் தருகிறார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை எந்தச் சாமான் மோசம் என்று உங்களுக்கு யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கடைக்கே தரச் சொல்லுங்கள்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். சம்பள நாளில் இதை எடுக்காதீர்கள். வண்டி குறைவான ஒரு மதியம் இந்தச் செலவுக் கணக்கை, உங்களுக்கு லேபரில் நிற்கும் 10,000 உட்பட, மறைக்காமல் அவர் முன்னால் வையுங்கள். முதலாளி லட்சக்கணக்கில் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த எண் ஒன்றே பாதிப் பேச்சை முடித்துவிடும். பிறகு நிமிடப் பட்டியலைப் போடும் வேலையை அவரிடமே கொடுங்கள். எந்த வண்டியில் எந்த போல்ட் சிக்கும் என்று உங்களைவிட அவருக்குத் தெரியும், அவர் போட்ட நிமிடத்தை இளையவரும் எதிர்த்துப் பேச மாட்டார். மூன்று மாதம் இப்படி ஓட்டிவிட்டு, ஒவ்வொரு மாதமும் பாதி லேபர் என்றால் எவ்வளவு வந்திருக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக் காட்டுவதாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பாதிதான் வேண்டும் என்றால், அவருக்குத் தேவைப்படுவது சம்பளம் இல்லை, சொந்தக் கடை. அப்போது உங்கள் இடத்திலேயே ஒரு பே (ஒரு வண்டி நிறுத்தி வேலை பார்க்கும் இடம்), அதற்கு இவ்வளவு வாடகை, அவருடைய வண்டி, அவருடைய பில் என்று தனியாக எழுதிப் பேசிக்கொள்ளுங்கள்.